கடற்கொள்ளையருக்கு யூனிஃபார்ம் கிடையாது

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் மாறுவேட நாள் ஒன்று நடத்தினார்கள். எங்கள் டீமுக்கு விழுந்த தலைப்பு 'கடற்கொள்ளையர்'. வாடகைக் கடையிலிருந்து எட்டு பேருக்கு எட்டு பொட்டலங்கள் வந்தன. பிரித்துப் பார்த்தால் எட்டிலும் அதே சாமான்கள்தான்: சிவப்புத் தலைத்துணி, ஒற்றைக் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, கோடு போட்ட பனியன், இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணி, காதில் மாட்ட பிளாஸ்டிக் வளையம். போட்டோ எடுத்தோம், சிரித்தோம், கலைந்தோம். ஆனால் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. "சார், உலகம் பூரா இருந்த கொள்ளைக்காரங்க எல்லாரும் ஒரே டிரஸ்ஸா போட்டிருந்தாங்க?"

இல்லை என்பது சின்னப் பதில். பெரிய பதில்தான் இந்தப் பதிவு. சில வார இறுதிகளை இதில் செலவழித்தபோது என் கேள்வியே கொஞ்சம் மாறிவிட்டது. அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று தேடப்போய், உடுத்தியது அவர்களுக்கு என்ன செய்தது என்பதில் வந்து நின்றேன். சிலரை அது மறைத்தது. சிலரைக் காட்டிக்கொடுத்தது.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

முதலில் நம் மனதில் இருக்கும் படத்தைப் பார்த்துவிடலாம். அதில் பெரும்பங்கு ஹோவார்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியருடையது (1853–1911). பத்திரிகைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் வரைந்தவர். அவர் வரைந்த கொள்ளையர் படங்களையும் எழுதிய கதைகளையும் தொகுத்து, அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1921இல் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார்கள். பிரிட்டிஷ் மாலுமிகளின் நிஜமான உடை படத்தில் அவ்வளவு எடுப்பாக இருக்காது. பைல் அதற்கு ஸ்பானிய நாட்டுப்புற உடையின் சாயலை ஏற்றினார். தலைத்துணி, அகலமான இடுப்புத்துணி, காதணி எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. அவருடைய மாணவர் என்.சி. வையெத் 1911இல் 'டிரெஷர் ஐலண்ட்' நாவலுக்கு வரைந்த படங்களிலும் அதே மரபு தொடர்ந்தது. பிறகு ஹாலிவுட் பிடித்துக்கொண்டது. எங்கள் எட்டுப் பொட்டலங்களின் பூர்வீகம் இதுதான்.

பைல் எல்லாவற்றையும் கற்பனையில் செய்தார் என்றும் சொல்லிவிட முடியாது. தலையில் துணி கட்டியதற்கு நீதிமன்ற சாட்சியமே இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அட்லாண்டிக்: மாலுமியின் உடை, கொள்ளையில் கிடைத்த உடை

நாம் 'பைரேட்' என்றதும் நினைக்கும் கூட்டம் ஏறத்தாழ 1690 முதல் 1725 வரை கரீபியனிலும் அட்லாண்டிக்கிலும் திரிந்தது. இவர்களில் பெரும்பாலோர் வணிகக் கப்பலிலோ கடற்படையிலோ வேலை பார்த்த சாதாரண மாலுமிகள். ஆகவே அவர்கள் உடையும் மாலுமி உடைதான்.

அன்றைக்கு இங்கிலாந்தில் நிலத்தில் இருக்கும் ஆண் முழங்கால் வரை நீளும் கோட்டும், முழங்காலோடு முடியும் இறுக்கமான கால்சட்டையும், அதற்குக் கீழே நீளக் காலுறையும் போடுவான். இதைப் போட்டுக்கொண்டு பாய்மரக் கயிற்றில் ஏறிப் பாருங்கள்! கோட் நுனி எங்காவது மாட்டினால் ஆள் காலி. அதனால் மாலுமிகள் இடுப்போடு நிற்கும் குட்டை ஜாக்கெட், தொளதொள கால்சட்டை, கட்டம் போட்ட சட்டை என்று போட்டார்கள். மழைக்கும் அலைக்கும் கித்தான் துணியில் தார் பூசிக்கொண்டார்கள். நாம் லாரிமேல் போர்த்தும் தார்ப்பாயின் ஆங்கிலப் பெயரால் அன்று மாலுமிகளையே கூப்பிட்டதுண்டு.

பிரிட்டிஷ் கடற்படையில் சாதாரண மாலுமிகளுக்கு 1857 வரை சீருடை கிடையாது. கப்பலில் விற்கும் ஆயத்த உடையை வாங்கிக்கொள்ள வேண்டும். 1706ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் சாம்பல் நிற ஜாக்கெட், அதற்குச் சிவப்பு உள்துணி, நீலமும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட சட்டை என்று பட்டியல் இருக்கிறது. சீருடை இல்லாவிட்டாலும் தெருவில் நடக்கும் மாலுமியை எவரும் உடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கடற்படைக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்க வருபவர்களுக்கு அது ரொம்ப வசதி.

அப்படியானால் கொள்ளையனுக்கும் மாலுமிக்கும் உடையில் வித்தியாசமே இல்லையா? உண்டு. அது கொள்ளையில் கிடைத்தது. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற வேல்ஸ்காரக் கேப்டனின் கப்பலில் கடைப்பிடிக்கப்பட்டதாக 1724இல் வெளியான கொள்ளையர் வரலாற்று நூல் தரும் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்த கப்பலுக்குள் ஆட்கள் பட்டியல் வரிசைப்படி முறைவைத்துத்தான் ஏற வேண்டும். காரணம், பங்குக்கு மேலாக ஒவ்வொருவரும் மாற்று உடை ஒரு செட் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு! தங்கத்துக்குச் சண்டை வருவது புரிகிறது. சட்டைக்கு ஏன்? நூற்பு இயந்திரங்களுக்கு முந்தைய காலம் அது. ஒவ்வொரு முழத் துணியும் கையால் நூற்று, கையால் நெய்தது. உப்பிலும் வியர்வையிலும் துணி சீக்கிரம் இற்றுப்போகும். கடலில் செத்துப்போன மாலுமியின் பழந்துணியைப் பாய்மரத்தடியில் வைத்து ஏலம் விடுவது வழக்கம். நல்ல சட்டை என்பது சொத்து.

இந்த இடத்தில் இணையத்தில் அடிக்கடி வரும் ஒரு தகவலையும் திருத்திவிடலாம். ஏழைகள் பட்டு அணியக்கூடாது என்ற ஆடைச் சட்டங்களை மீறும் கலகமாகவே கொள்ளையர்கள் ஆடம்பரமாக உடுத்தினார்கள் என்பார்கள். இங்கிலாந்தில் அந்தச் சட்டங்கள் 1604லேயே ரத்தாகிவிட்டன. நூறு வருஷம் கழித்து வந்த ராபர்ட்ஸ் மீறுவதற்குச் சட்டமே இல்லை. ஆனால் சட்டம் போனாலும் பார்வை போகாது. யார் பட்டு போடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகவே இருந்தது.

ராபர்ட்ஸ் 1722 பிப்ரவரி 10 அன்று, இன்றைய காபோன் நாட்டுக் கரைக்கு அருகே பிரிட்டிஷ் போர்க்கப்பலுடன் நடந்த சண்டையில் இறந்தார். அன்றைக்கு அவர் உடுத்தியிருந்ததை அதே 1724 நூல் விவரிக்கிறது: செந்நிற டமாஸ்க் பட்டில் மேலங்கியும் கால்சட்டையும், தொப்பியில் சிவப்பு இறகு, கழுத்தில் தங்கச் சங்கிலி, அதில் வைரச் சிலுவை. உடலை அலங்காரத்தோடு கடலில் எறிந்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம். ஆட்கள் அப்படியே செய்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான சாட்சியம் ஒன்று கடலடியிலிருந்து வந்தது. சாமுவேல் பெல்லமியின் 'விடா' கப்பல் 1717 ஏப்ரலில் அமெரிக்காவின் கேப் காட் கரையோரம் புயலில் மூழ்கியது. 1984இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. கிடைத்தவற்றில் ஒரு சின்ன ஷூ, ஒரு பட்டுக் காலுறை, ஒரு கால் எலும்பு. எட்டிலிருந்து பதினோரு வயதுக்குட்பட்ட பையனின் எலும்பு என்றார்கள் நிபுணர்கள். பயணியாகப் போய்க்கொண்டிருந்த கப்பலைக் கொள்ளையர் பிடித்தபோது, தாயின் சொல்லை மீறி அவர்களோடு சேர்ந்துகொண்ட ஜான் கிங் என்ற சிறுவனாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். பட்டுக் காலுறை போட்டுக்கொண்டே போய்விட்டான். இதைப் படித்த பிறகு கண்பட்டையும் பிளாஸ்டிக் வளையமும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஜமைக்கா, 1720: உடையே சாட்சி

இப்போது தலைத்துணி. ஜாக் ரேக்கம் கூட்டத்தில் ஆன் போனி, மேரி ரீட் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். 1720 நவம்பரில் ஜமைக்காவில் வழக்கு நடந்தது. அந்த விசாரணை மறுவருஷமே அச்சில் வந்துவிட்டது. அவர்களிடம் கொள்ளை கொடுத்த டாரதி தாமஸ் என்ற பெண்மணி கூண்டில் சொன்னது: இருவரும் ஆண்கள் போடும் ஜாக்கெட்டும் நீளக் கால்சட்டையும் போட்டிருந்தார்கள், தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், கையில் கத்தியும் துப்பாக்கியும் இருந்தன. மார்பை வைத்துத்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டாராம். வேறு சாட்சிகள் இன்னொரு தகவலைச் சொன்னார்கள். சண்டை வந்தால் ஆண் உடை, மற்ற நேரங்களில் பெண் உடை.

வழக்குக்கு இது ஏன் முக்கியம்? கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார்கள் என்பதுதான் பிடிபட்ட கொள்ளையர்கள் வழக்கமாகச் சொல்லும் தற்காப்பு. சண்டைக்கென்று உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்பவர் அப்படிச் சொன்னால் எடுபடாது. இருவருக்கும் மரண தண்டனை. இருவரும் கர்ப்பிணிகள் என்பதால் நிறுத்தி வைத்தார்கள். மேரி ரீட் சிறையிலேயே இறந்துபோனார்.

பத்து நாள் முன்னதாகவே தூக்கிலிடப்பட்ட ரேக்கமுக்குப் பட்டப்பெயர் 'காலிகோ ஜாக்'. காலிகோ துணியை விரும்பி உடுத்தியதால் வந்த பெயர் என்பார்கள். பழைய புத்தகப் பிரியர்களுக்கு 'காலிகோ பைண்டிங்' தெரிந்திருக்கும். அதே காலிகோதான். நம் கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து வந்த சொல். குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் போன பருத்தித் துணிக்கும் அதே பெயர்தான். அது அன்று லண்டனில் பெரிய தகராறுக்குரிய பொருள். 1719இல் வேலையிழந்த நெசவாளர்கள் தெருவில் காலிகோ உடுத்திய பெண்களின் உடையைக் கிழித்தார்கள், மேலே அமிலம் ஊற்றினார்கள். 1721இல் அச்சிட்ட காலிகோவை உடுத்துவதையே தடை செய்து சட்டம் வந்தது. ஊரில் ஒரு பெண் போட்டுக்கொண்டு வெளியே வரப் பயந்த துணியை, கடலில் ஒருவன் பட்டப்பெயராகவே சூடிக்கொண்டு திரிந்தான்.

வட ஆப்பிரிக்கா: தடைசெய்த உடை, மாற்றிய உடை

இனி கரீபியனை விட்டுவிட்டு, காலத்தில் நூறு நூற்றைம்பது வருஷம் பின்னால், மத்தியதரைக் கடலுக்குப் போவோம். அல்ஜியர்ஸ், துனிஸ், திரிபோலி, மொராக்கோ கரையில் சலே. இங்கிருந்து கிளம்பிய கப்பல்களில் தலைப்பாகை, தொளதொள சல்வார், இடுப்புக்கச்சை, சிவப்புக் கம்பளித் தொப்பி. பார்த்தால் இது வெறும் 'அந்த ஊர் உடை'. ஆனால் போட்டவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள் இல்லை.

ஸ்பெயினில் கிறிஸ்தவராக மாற்றப்பட்ட முஸ்லிம் வம்சத்தினரை மொரிஸ்கோக்கள் என்பார்கள். 1567இல் கிரானாடாவில் அவர்களுடைய அரபு மொழியோடு பாரம்பரிய உடையையும் தடை செய்தார் இரண்டாம் பிலிப். மறுவருஷமே பெரும் கலகம். கடைசியில் 1609 தொடங்கி மொரிஸ்கோக்கள் மொத்தமாக ஸ்பெயினைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். துனிஸில் குடியேறியவர்கள் சிவப்புக் கம்பளித் தொப்பித் தொழிலைப் பெரிதாக வளர்த்தார்கள். சலேயில் குடியேறியவர்களில் ஒரு பகுதியினர் ஸ்பானியக் கப்பல்களை வேட்டையாடக் கிளம்பினார்கள். உடையைக் கழற்று என்று சொன்ன நாட்டின்மேல், பிறகு கடலில் வைத்துத் தீர்த்துக்கொண்ட கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கூட்டம் ஐரோப்பிய மாலுமிகள். இங்கிலாந்தின் ஜான் வார்ட் துனிஸிலும், டச்சுக்காரரான யான் யான்சூன் சலேயிலும் மதம் மாறிக் கொள்ளைத் தலைவர்களானார்கள். இவர்களைப் போல விரும்பிப் போனவர்கள் உண்டு. பிடிபட்டு, அடிமைத்தளையிலிருந்து தப்பிக்க மாறியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் இதை எல்லாம் ஒரே சொற்றொடரில் முடித்துவிடுவார்கள்: தலைப்பாகை கட்டிக்கொண்டான்.

அப்படிக் கட்டிக்கொண்ட ஒருவன் ஊர் திரும்பினால்? 1628 மார்ச்சில் சாமர்செட்டில் மைன்ஹெட் என்ற துறைமுக ஊரின் தேவாலயத்தில் இது நடந்தது. அல்ஜியர்ஸில் மாறித் திரும்பி வந்த ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பாதிரியார்கள் பிரசங்கம் செய்தார்கள். இரண்டும் அச்சிலும் வந்தன. உடுப்பை மாற்றுவது போல மதத்தை மாற்றுகிறார்கள், துறைமுகத்துக்கு ஒரு மனசாட்சி வைத்திருக்கிறார்கள் என்ற பொருளில் ஒருவர் குமுறினார். 1637இல் இப்படித் திரும்புபவர்களுக்கென்றே ஒரு பரிகாரச் சடங்கை வகுத்தது இங்கிலாந்துத் திருச்சபை. வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் வெள்ளைக் கோலோடு, தலையில் எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். தலைப்பாகைக்குப் பரிகாரம் வெறுந்தலை.

சீனக் கடற்கரை: கடன் வாங்கிய உடை

உடையைக் கொண்டு ஏமாற்றுவதில் உச்சத்தைத் தொட்டது கிழக்காசியா. 1550களில் சீனாவின் கரையோரத்தை நடுங்க வைத்தவர்களை 'வோகோ' என்றார்கள். நேர்ப்பொருள் 'ஜப்பானியக் கொள்ளையர்'. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு புகழ்பெற்ற ஓவியச் சுருளில் இவர்களைப் பார்க்கலாம். முன்தலை மழித்து, குட்டை அங்கி போட்டு, தொடை தெரிய, வெறுங்காலோடு, நீண்ட வாளோடு ஓடுகிறார்கள்.

ஆனால் மிங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறே உண்மையைப் போட்டு உடைக்கிறது. இவர்களில் நிஜ ஜப்பானியர் பத்துக்கு மூன்று பேர்தான், மீதி ஏழு பேர் அவர்களோடு சேர்ந்துகொண்டவர்கள். கடலில் இருந்த பெரிய கொள்ளைக்காரர்கள் ஜப்பானிய உடையையும் கொடியையும் எடுத்துக்கொண்டார்கள் என்றே அதில் பதிவு இருக்கிறது. புகழ்பெற்ற தலைவரான வாங் ஜி, சீனாவின் உள்நாட்டிலிருந்து வந்த வணிகர். தனியார் கடல் வணிகத்துக்கு அரசு போட்ட தடைதான் இவரைப் போன்றவர்களை அந்தப் பக்கம் தள்ளியது. சொந்த ஊரைச் சொந்த முகத்தோடு கொள்ளையடித்தால் குடும்பத்துக்கு ஆபத்து. வேற்று நாட்டு வேஷம் பாதுகாப்பு.

இதில் கொடுமை ஒன்றும் உண்டு. பிடித்துப்போன கிராமத்தாரின் தலையையும் அதேபோல மழித்துவிடுவார்கள். அதன்பிறகு தப்பி ஓடினாலும், வெட்டிய தலைக்குப் பரிசு வாங்கும் அரசுப் படைகள் வோகோ என்று வெட்டிவிடும். முடி வளரும் வரை வீட்டுக்குப் போக வழியில்லை.

இருநூற்றைம்பது வருஷம் கழித்து அதே கடலின் தென்பகுதியில், குவாங்டாங் கரையில், ஷெங் யி சாவ் என்ற பெண்ணின் தலைமையில் பெரும் கொள்ளைப் படை இருந்தது. இவர்கள் வேஷம் போடவில்லை. பெரும்பாலோர் மீனவர்கள். கப்பல்தான் வீடு, மனைவி குழந்தைகள் அதே கப்பலில். மீனவனின் குட்டைச் சட்டை, தொள கால்சட்டை. அந்தக் கரையில் வலைக்கும் துணிக்கும் ஒருவகைக் காட்டுக் கிழங்கின் சாற்றை ஏற்றுவார்கள். செம்பழுப்பு நிறம் வரும், தண்ணீரில் சீக்கிரம் மட்காது. ஐரோப்பிய மாலுமியின் தாருக்கு இந்தக் கரையின் பதில் இந்தக் கிழங்கு.

1809இல் இவர்களிடம் சிக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ரிச்சர்ட் கிளாஸ்பூல், சண்டைக்கு முன்னால் தலைவனின் மனைவி தன்மேல் பூண்டுத் தண்ணீர் தெளித்ததை எழுதியிருக்கிறார். குண்டு படாமல் இருக்கவாம்! கடைசியில் அவரை விடுவிக்கக் கொடுத்த பிணைப்பொருளில் வெள்ளிக் காசு, அபினி, வெடிமருந்து, தொலைநோக்கி ஆகியவற்றோடு உயர்ரகத் துணி இரண்டு பேல் இருந்தது. துணி எங்கே போனாலும் பணம்தான்.

சூலு கடல்: சண்டைக்கென்று தைத்த உடை

இதுவரை பார்த்த யாருக்கும் கொள்ளைக்கென்று தனி உடை இல்லை. விதிவிலக்குக்கு அருகில் வருபவர்கள் பிலிப்பைன்ஸ், போர்னியோ பகுதியின் இரானுன் மக்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அடிமைகளைப் பிடிக்கத் தென்கிழக்காசியா முழுக்கச் சுற்றினார்கள். மலாய் மொழியில் கடற்கொள்ளையனுக்கு 'லானுன்' என்ற சொல் வந்ததே இவர்கள் பெயரிலிருந்துதான். இலவம்பஞ்சு திணித்துத் தைத்த தடித்த அங்கி இவர்களுடைய அடையாளம். அதே பகுதியில் எருமைக்கொம்புத் தகடுகளை உலோக வளையங்களால் கோத்த கவசமும் வழக்கில் இருந்தது. ஸ்பானியர்களோடு தலைமுறை தலைமுறையாகக் கைகலந்து சண்டை போட்டவர்கள் அவர்கள். பீரங்கியைக் காட்டிக் கப்பலைச் சரணடைய வைக்கும் கரீபியன் கொள்ளையனுக்குக் கவசம் வேண்டாம். ஈட்டிக்கும் வாளுக்கும் நடுவில் குதிப்பவனுக்கு வேண்டும்.

கடைசியாக

ஆக, அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? கொள்ளையன் தன் கடலோரத்துச் சாமானியனின் உடையைத்தான் போட்டான். அதன்மேல் பிடித்த கப்பலில் கிடைத்ததைச் சேர்த்தான். ஊரும் மதமும் வேலையும் உடையில் எழுதியிருந்த காலத்தில், அதை மாற்றுவது லேசான காரியம் இல்லை. மேரி ரீடின் கால்சட்டை நீதிமன்றத்தில் சாட்சியானது. சீனக் கிராமத்தானின் மழித்த தலை அவனை ஊருக்கு வெளியே நிறுத்தியது. ராபர்ட்ஸின் பட்டு அவரோடு கடலுக்குள் போய்விட்டது.

இந்த வருஷமும் மாறுவேட நாள் வரும். நான் வாடகைக் கடைக்குப் போவதாக இல்லை. 1706ஆம் வருஷப் பட்டியலில் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை இருந்தது, ஞாபகமிருக்கிறதா? என் பீரோவில் அதே மாதிரி நாலு தொங்குகிறது. எங்கள் தொழிலில் பாதிப் பேர் தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறோம்.